ஒரு குப்பிச் சிறுநீர் எமது பிள்ளையைப் பற்றிக் கூறுவதென்ன?

இரண்டரை வயதாகியும் பிள்ளை "அம்மா" என்று அழைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. விளையாட்டுக் காரைக் கவிழ்த்து வைத்து அதன் சில்லை மணிக்கணக்கிற் சுழற்றிக்கொண்டிருக்கின்றது. "ஆம்பிளைப் பிள்ளைகள் பிந்தித்தான் கதைக்குங்கள், தகப்பனும் அப்படித்தான்" என்று ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் ஆறுதல் கூறுகின்றார். "வீட்டில் இரண்டு மொழி கதைத்தால் பிள்ளை குழம்பிப் போகும்" என்கின்றார் பக்கத்து வீட்டுக்காரர். தாயின் மனம் மட்டும் ஆறுவதில்லை.

புலம்பெயர்ந்து வந்த எமது வீடுகளில் இது புதிய காட்சியன்று. ஓட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் தமிழில் இப்போது வழங்கும் சொல் பலருக்கு இந்நாடுகளுக்கு வந்த பின்னரே அறிமுகமானது. அச்சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் தேடுவது உறுதியான ஒரு விடையை. இரத்தத்திலோ சிறுநீரிலோ பரிசோதித்து, "ஆம்" அல்லது "இல்லை" என்று கடதாசியில் எழுதித் தரும் விடையை அவர்கள் எதிர்பார்க்கின்றனர். ஒரு குப்பிச் சலத்தை அனுப்பினால் போதும், பிள்ளையின் குறையைக் கண்டுபிடித்துத் தருவோம் என்று கூறும் விளம்பரங்களும் அவர்களை வந்தடைகின்றன.

சிறுநீரில் ஓட்டிசத்தின் அடையாளத்தைக் கண்டறிய முடியுமா? அமெரிக்காவில், எம்மவர் வாழும் நியூ ஜேர்சி, சான் பிரான்சிஸ்கோ, ரெக்சாஸ் ஆகிய பகுதிகளிலேயே இதனைப் பற்றி நேர்மையான ஆய்வுகள் நடந்துள்ளன. அவை கண்டவை எவை, காணாதவை எவை, பெற்றோராகிய நாம் இன்று செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோர்வேத் தாயொருத்தியின் கேள்வி

இந்த நம்பிக்கை வெறும் கற்பனையிற் பிறந்ததன்று. அதற்கு உண்மையான ஒரு வரலாறு உண்டு.

1930களில் நோர்வேயில் போர்க்னி ஏகலண்ட் என்ற தாய்க்கு லிவ், டாக் என இரு பிள்ளைகள் இருந்தனர். பிறந்தபோது நலமாகத் தோன்றிய அவர்கள் வளர வளர அறிவு வளர்ச்சியிற் பின்தங்கினர். பிள்ளைகளின் உடலிலும் சிறுநீரிலும் விசித்திரமான ஒரு மணம் வீசுவதைத் தாய் கவனித்தார். மருத்துவர் பலரிடம் சென்றும் விடை கிடைக்கவில்லை. அவர் தளரவுமில்லை. இறுதியில் இரசாயனமும் கற்ற மருத்துவரான அஸ்பியோன் போலிங் அப்பிள்ளைகளின் சிறுநீரைச் சோதிக்க இணங்கினார்.

1934ஆம் ஆண்டு அவர் அச்சிறுநீரிற் பெரிக் குளோரைட்டுக் கரைசலைச் சேர்த்தபோது அது பச்சை நிறமாக மாறியது. வழமையாக அவ்வாறு நிகழ்வதில்லை. தொடர்ந்து ஆராய்ந்த அவர் அங்கு பினைல்பைருவிக் அமிலம் இருப்பதைக் கண்டார். பின்னர் அறிவு வளர்ச்சி குன்றிய 430 பேரின் சிறுநீரைச் சோதித்து, மேலும் எட்டுப் பேரிடம் அதே பொருளைக் கண்டறிந்தார். உணவிலுள்ள புரதத்தின் ஒரு கூறாகிய பினைல்அலனினை உடல் கையாள முடியாமையே இந்நோயின் காரணம். இன்று அது பினைல்கீற்றோனூரியா எனப்படுகின்றது.

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஹோஸ்ற் பிக்கெல் என்ற மருத்துவர் அக்கூறு குறைந்த உணவைக் கொடுத்து ஒரு சிறுமியின் நிலையை முன்னேற்றினார். 1960களில் அமெரிக்கரான றொபேர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிக்காலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்திலேயே இந்நோயைக் கண்டறியும் முறையை உருவாக்கினார். இன்று அமெரிக்காவிற் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை செய்யப்படுகின்றது. ஏகலண்ட் அம்மையாரின் பிள்ளைகளுக்கு அது காலங்கடந்த கண்டுபிடிப்பு. ஆயினும் அவரது பிடிவாதம் உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகளைக் காத்தது.

ஒரு நோய்க்குச் சிறுநீர் விடை தந்தது என்றால் ஓட்டிசத்துக்கும் தராதா? இக்கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

தொண்ணூறுகளின் நம்பிக்கையும் ஏமாற்றமும்

அதே நோர்வேயைச் சேர்ந்த கார்ல் ரைக்கெல்ற் என்ற ஆய்வாளர், ஓட்டிசமுள்ள பிள்ளைகளின் சிறுநீரிற் சில புரதத் துண்டுகள் மிகுந்து காணப்படுவதாகக் கூறினார். கோதுமையிலுள்ள குளூட்டன், பாலிலுள்ள கேசீன் ஆகியவை முழுமையாகச் சமிபாடடையாமல் அபினைப் போன்ற துண்டுகளாக மாறி மூளையைத் தாக்குகின்றன என்பது அவரது விளக்கம். இங்கிலாந்தின் சண்டர்லாந்துப் பல்கலைக்கழகத்தில் போல் ஷற்றொக் இக்கருத்தை முன்னெடுத்தார். 1990களிற் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளின் சிறுநீர் மாதிரிகளைச் சோதனைக்குக் கொடுத்தனர். பாணையும் பாலையும் நிறுத்திய வீடுகள் ஏராளம்.

2008ஆம் ஆண்டு லண்டன் கிறேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்தோர் நுட்பமான கருவிகளைக் கொண்டு இதனை மீளச் சோதித்தனர். ஓட்டிசமுள்ள 65 சிறுவர்களின் சிறுநீரும் ஏனைய 158 சிறுவர்களின் சிறுநீரும் ஒப்பிடப்பட்டன. அபின் போன்ற அத்துண்டுகள் ஓட்டிசமுள்ள சிறுவர்களின் சிறுநீரில் இருக்கவில்லை. அச்சோதனையை நம்பிப் பிள்ளையின் உணவைக் கட்டுப்படுத்த இடமில்லை என்பது இதனாற் தெளிவாயிற்று.

2010இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஓட்டிசமுள்ள 39 பிள்ளைகள், அவர்களின் சகோதரர் 28 பேர், தொடர்பில்லாத 34 பிள்ளைகள் ஆகியோரின் சிறுநீரை ஒப்பிட்டு, மூன்று குழுக்களுக்கும் இடையே வேறுபாடுகள் இருப்பதாக அறிவித்தனர். குடலில் வாழும் பற்றீரியாக்கள் உருவாக்கும் பொருட்களும் அவ்வேறுபாடுகளில் அடங்கின. சிறுநீர்ச் சோதனை வரப்போகின்றது எனப் பத்திரிகைகள் எழுதின. ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அத்தகைய சோதனை எதுவும் வைத்தியசாலைகளின் நடைமுறைக்கு வரவில்லை.

நியூ ஜேர்சியில் நடந்த தேடல்

நியூ ஜேர்சி ஓட்டிச ஆய்வில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற மாநிலம். அங்குள்ள பிறிக் நகரிற் பிள்ளைகள் பலருக்கு ஓட்டிசம் இருப்பதாகப் பெற்றோர் எழுப்பிய கேள்வியை அடுத்து, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் அங்கு கணக்கெடுப்பு நடத்தியது. ஓட்டிசமும் அதனோடு தொடர்புடைய நிலைகளும் 1000 பிள்ளைகளில் 6.7 பேருக்கு இருந்ததாக 2000ஆம் ஆண்டில் அந்நிலையம் அறிவித்தது. அக்காலத்தில் அது பெரிய எண்ணிக்கை. 2025இல் அந்நிலையம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டு கணிக்கப்பட்ட பகுதிகளில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 31 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுள்ளவர். ரெக்சாசின் லரேடோவில் 1000 பேருக்கு 9.7 ஆக இருந்த இத்தொகை, கலிபோர்னியாவிற் கணிக்கப்பட்ட பகுதியில் 53.1 ஆக இருந்தது. இவ்வளவு வேறுபாடு பிள்ளைகளின் உடலினால் மட்டும் ஏற்படக்கூடியதன்று. பிள்ளைகளைத் தேடிக் கண்டறியும் வசதி எங்கு எவ்வளவு உள்ளது என்பதும் அவ்வெண்களிற் பிரதிபலிக்கின்றது.

அம்மாநிலத்தின் நியூவார்க் நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியிற் குழந்தை நரம்பியல் மருத்துவரான ஷுவே மிங் 2005ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். உடலிற் கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்து சிதையும்போது தோன்றும் ஒரு பொருளின் அளவு, ஓட்டிசமுள்ள 33 பிள்ளைகளின் சிறுநீரில் ஏனைய 29 பிள்ளைகளின் சிறுநீரிலும் பார்க்கக் கூடியிருந்ததை அவரது குழு கண்டது. அதன்பின் ஸ்ரற்போர்ட்டைச் சேர்ந்த பீற்றர் ஸ்ரைனுடன் இணைந்து 2012இல் ஓட்டிசமுள்ள 48 பிள்ளைகளையும் ஏனைய 53 பிள்ளைகளையும் ஒப்பிட்டனர். அமினோ அமிலங்களின் அனுசேபத்திலும், ஒட்சியேற்றத்தைத் தாங்கும் ஆற்றலிலும், குடற் பற்றீரியாக்களின் விளைபொருட்களிலும் வேறுபாடுகள் தென்பட்டன.

இவ்வாய்வாளர்கள் அடுத்து நோக்கியது பிளாஸ்ரிக்கில் உள்ள பிஸ்பீனோல் ஏ என்ற பொருளை. உணவுப் பொதிகளின் வழியாக அது எல்லோர் உடலிலும் சிறிதளவு சேர்கின்றது. ஈரல் அதனை ஒரு வகைச் சர்க்கரையுடன் இணைத்து, நீரிற் கரையச் செய்து, சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றது. எவ்வளவு இணைக்கப்பட்டுள்ளது என்பதைச் சிறுநீரிலேயே அளக்கலாம். 2023இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் ஓட்டிசமுள்ள 66 பிள்ளைகள், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உள்ள 46 பிள்ளைகள், இரண்டும் இல்லாத 37 பிள்ளைகள் பங்குபற்றினர். இணைத்து வெளியேற்றும் திறன் முதற் குழுவில் ஏறத்தாழ 11 வீதமும் இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 17 வீதமும் குறைந்திருந்தது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய முடிவு எது? பிளாஸ்ரிக் பாத்திரத்திற் சோறு கொடுத்தமையாற் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது என்பதல்ல. அவ்வாறு இவ்வாய்வு நிறுவவில்லை. இரண்டு வேறுபட்ட நிலைகளிலும் இதே குறைவு காணப்பட்டதால், இது ஓட்டிசத்துக்கு மட்டுமே உரிய அடையாளமும் அன்று. சில பிள்ளைகளின் உடல் கழிவை வெளியேற்றும் முறையில் வேறுபாடு இருக்கலாம், அது மேலும் ஆராயத்தக்கது என்பதே அதன் பொருள்.

சான் பிரான்சிஸ்கோவில் புரொக்கோலி

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் நடந்த ஆய்வு வேறு வழியிற் சென்றது. அங்குள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீபன் பென்ற், றொபேர்ட் ஹென்ட்ரன் ஆகியோர், புரொக்கோலியிலிருந்து பெறப்படும் சல்போறபேன் என்ற பொருளை ஓட்டிசமுள்ள 15 பிள்ளைகளுக்கு 12 வாரங்கள் கொடுத்து, முன்னும் பின்னும் அவர்களின் சிறுநீரைச் சோதித்தனர். 2018இல் முடிவுகள் வெளிவந்தன. பிள்ளைகளின் நடத்தையிற் கண்ட மாற்றத்துடன் சேர்ந்து கூடியோ குறைந்தோ சென்ற 77 பொருட்கள் சிறுநீரில் இனங்காணப்பட்டன.

இது யாருக்கு ஓட்டிசம் உள்ளது என்று கண்டறியும் முயற்சியன்று. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சிகிச்சை பயன் தருகின்றது என்பதைச் சிறுநீர் காட்டுமா என்பதே கேள்வி. கேள்வி நல்லது. ஆனால் பிள்ளைகள் 15 பேர் மட்டுமே. ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை பெற்ற குழு அங்கு இருக்கவில்லை. சல்போறபேனை வைத்துப் பிற நாடுகளில் நடந்த சோதனைகளும் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளையே தந்துள்ளன. புரொக்கோலி நல்ல மரக்கறி, பிள்ளை உண்டால் நன்று. அதற்கு மேல் எதனையும் இவ்வாய்வை வைத்து எவரும் எமக்கு விற்க முடியாது.

ஹூஸ்ரனில் கிடைத்த படிப்பினை

மூன்றாவது ஆய்வு ரெக்சாசின் ஹூஸ்ரன் நகரிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. பரம்பரையியல் மருத்துவரான ஆதர் பொடேயும் அவரது குழுவினரும் கானிற்றீன் என்ற பொருளை உடல் தானே உருவாக்குவதற்குத் தேவையான ஒரு பரம்பரையலகை ஆராய்ந்தனர். அப்பரம்பரையலகின் ஒரு பகுதி இல்லாத ஆண்களை இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தே இனங்காண முடிந்தது. ஒரு பொருள் தேங்கி நிற்கின்றது, அடுத்த பொருள் குறைந்து காணப்படுகின்றது.

நோர்வேயிற் கண்ட பச்சை நிறத்தைப் போலவே இதுவும் தெளிவான அடையாளம். ஆனால் 2012இல் வெளியான இவ்வாய்வின் அடுத்த பகுதியே முக்கியமானது. ஓட்டிசம் இல்லாத ஆண்களிலும் ஏறத்தாழ 350 பேருக்கு ஒருவரிடம் இதே குறை இருந்தது. ஓட்டிசமுள்ள சகோதரர் இருவர் உள்ள குடும்பங்களில் அது கூடுதலாகக் காணப்பட்டது உண்மை. எனினும் அக்குறை உடையோரில் மிகப் பெரும்பாலானோர் ஓட்டிசமின்றியே வாழ்கின்றனர். சிறுநீரில் ஓர் அடையாளம் தெளிவாகத் தெரிவது வேறு, அவ்வடையாளம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்வது வேறு என்பதை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்ட முடியாது.

ஏன் இன்னும் முடியவில்லை?

பினைல்கீற்றோனூரியா ஒரு பரம்பரையலகின் பழுதால் வருவது. ஒரு காரணம், ஒரு பொருள், ஒரு சோதனை. ஓட்டிசம் அவ்வாறானதன்று. நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் அதனுடன் தொடர்புற்றுள்ளன. ஒரே பெயரின் கீழ் மிகவும் வேறுபட்ட பிள்ளைகள் அடங்குகின்றனர். ஒரு பிள்ளை சொல்லே இன்றி இருக்கும், இன்னொரு பிள்ளை புகையிரத நேர அட்டவணையை மனப்பாடமாக ஒப்புவிக்கும்.

இரண்டாவது காரணம் உணவு. ஓட்டிசமுள்ள பிள்ளைகள் பலர் சில உணவுகளை மட்டுமே உண்பர். வெறும் சோறும் தயிரும் உண்ணும் பிள்ளையின் சிறுநீர், எல்லாம் உண்ணும் பிள்ளையின் சிறுநீரை ஒத்திருக்குமா? இத்தாலியில் 2011இல் நடந்த ஆய்வில், ஓட்டிசமுள்ள சிறு பிள்ளைகளின் சிறுநீரில் பராக்கிரெசோல் என்ற பொருள் மிகுந்திருந்தது. அது குடற் பற்றீரியாக்கள் உருவாக்கும் பொருள். மலச்சிக்கலாற் குடலின் ஓட்டம் தாமதித்தால் அது கூடும். ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கல் பொதுவாகக் காணப்படுவது. ஆகவே சோதனை காட்டியது ஓட்டிசத்தையா, மலச்சிக்கலையா என்ற கேள்வி எஞ்சுகின்றது. 2021இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு, 247 பிள்ளைகளை ஆராய்ந்து, குடற் பற்றீரியாக்களின் வேறுபாட்டிற்குப் பிள்ளைகளின் குறுகிய உணவுப் பழக்கமே பெரும்பாலும் காரணமாகலாம் என்று காட்டியது. விளைவைக் காரணமென்று எண்ணும் தவறு எவ்வளவு எளிதில் நிகழும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது காரணம் எண் கணிதம். ஓட்டிசமுள்ள நூறு பேரிற் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டறிந்து, ஓட்டிசமில்லாத நூறு பேரிற் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கும் சிறந்த சோதனையொன்று நாளை வருவதாகக் கொள்வோம். அதனை 1000 பிள்ளைகளுக்குச் செய்கின்றோம். 31 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் அவர்களுள் 32 பேர் ஓட்டிசமுள்ளவர். சோதனை அவர்களில் 29 பேரைக் காட்டும். எஞ்சிய 968 பிள்ளைகளில் 97 பேருக்கு ஓட்டிசம் உண்டென்று பிழையாகக் கூறும். "ஆம்" என்ற கடதாசியுடன் வீடு திரும்பும் 126 பெற்றோரில், உண்மையில் ஓட்டிசமுள்ள பிள்ளையைப் பெற்றவர் நான்கில் ஒருவரிலும் குறைவு! மூன்று பேரைச் சோதனை முற்றாகத் தவறவிட்டும் இருக்கும். இன்றுள்ள எந்தச் சிறுநீர்ச் சோதனையும் அந்த அளவு திறனைப் பரந்த அளவில் நிரூபித்ததில்லை.

துயரத்தை விலைபேசுவோர்

ஆய்வாளரின் ஐயம் ஒருபுறமிருக்க, வியாபாரியிடம் ஐயமே இருப்பதில்லை. உலோக நச்சைக் காட்டும் சிறுநீர்ச் சோதனை என்ற பெயரில் நடப்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள வேண்டும். முதலிற் பிள்ளைக்கு உலோகத்தை உடலிலிருந்து இழுத்தெடுக்கும் மருந்தொன்றைக் கொடுக்கின்றனர். பின்னர் சிறுநீரைச் சோதிக்கின்றனர். அம்மருந்தை உட்கொண்டால் எவருடைய சிறுநீரிலும் உலோகம் கூடுதலாகவே காணப்படும். மருந்து உட்கொள்ளாதோருக்குரிய அளவுடன் அதனை ஒப்பிட்டு, பிள்ளையின் உடலில் நஞ்சு நிறைந்துள்ளதெனக் கூறுகின்றனர். இவ்வகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லையென அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி அறிவித்துள்ளது.

பண நட்டத்துடன் இது முடிவதில்லை. 2005ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் ஓட்டிசத்துக்கெனச் சிகிச்சை பெற்ற ஐந்து வயதுச் சிறுவன், உலோகத்தை அகற்றும் அத்தகைய மருந்து ஏற்றப்பட்டபோது இறந்தான். இரத்தத்திற் கல்சியம் அபாயகரமாகக் குறைந்து இதயம் நின்றது. அவனது பெற்றோரும் பிள்ளை பேச வேண்டும் என்ற ஆசையிலேயே அவனை அங்கு அழைத்துச் சென்றிருப்பர். அதனை மறவாதிருப்போம்.

சீட்டுக் கட்டியும் இரண்டு வேலை செய்தும் சேர்த்த பணம் எம்மவருடையது. சிறுநீரைச் சோதித்துவிட்டு அதே இடத்திலேயே மாத்திரையும் உணவுப்பொடியும் விற்பவரிடம் அப்பணத்தைக் கொடுக்கு முன், பிள்ளையின் குடும்ப மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

மறுக்கக்கூடாத சோதனைகளும் உண்டு

இவ்வளவையும் படித்துவிட்டுச் சிறுநீர்ச் சோதனையே வேண்டாம் என எண்ணிவிடலாகாது. பேச்சுத் தாமதமான பிள்ளைக்கு முதலில் வேண்டியது செவிப்புலப் பரிசோதனை. அதற்கப்பால், பிள்ளை கற்றுக்கொண்டதை இழந்து வந்தாலோ, வலிப்பு ஏற்பட்டாலோ, அடிக்கடி வாந்தியும் சோர்வும் வந்தாலோ, மருத்துவர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் சொல்லக்கூடும். அது ஓட்டிசத்தைத் தேடும் சோதனையன்று. சிகிச்சை உள்ள அனுசேப நோய்கள் ஏதும் மறைந்துள்ளனவா என்று அறியும் சோதனை.

இது எமக்குக் கூடுதலாகப் பொருந்தும். ஊரில் யுத்தத்தின் மத்தியிலோ தமிழகத்து முகாமிலோ பிறந்த பிள்ளைகளுக்குக் குதிக்கால் இரத்தச் சோதனை நடந்திருக்க வாய்ப்புக் குறைவு. பிள்ளை எங்கு பிறந்தது, அப்போது என்ன சோதனைகள் செய்யப்பட்டன என்பதை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

இன்று எம் கையில் உள்ள வழி

ஓட்டிசத்தைக் கண்டறிவது இன்றும் கண்ணாலும் காதாலும் பொறுமையாலுமே. ஒன்பது மாதத்திற் பெயர் கேட்டுத் திரும்பாமை, பன்னிரண்டு மாதத்திற் கையசைத்து விடைகொடுப்பது போன்ற சைகைகள் இன்மை, பதினைந்து மாதத்தில் விருப்பமான பொருளைக் கொண்டுவந்து காட்டாமை, பதினெட்டு மாதத்தில் விரலாற் சுட்டிக் காட்டாமை ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்று இருந்தால் ஓட்டிசம் என்பதல்ல, கேட்டறிய வேண்டும் என்பதே பொருள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 18ஆம், 24ஆம் மாதங்களிற் பிள்ளைகள் அனைவரையும் இதற்கெனப் பரிசீலிக்குமாறு பரிந்துரைத்துள்ளது.

மருத்துவர் தரும் வினாக்கொத்தை எம்மவர் அவசரத்தில் "ஓம், ஓம்" என்று நிரப்பிவிடுவதுண்டு. இலங்கையில் ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசீலித்து, 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதை அவர்கள் கண்டனர். மேல்நாட்டு வினாக்கொத்தின் மொழிபெயர்ப்பு அப்பிள்ளைகளிற் பெரும்பாலோரைத் தவறவிட்டது. பின்னர் அக்குழுவினர் படங்களைக் காட்டித் தாய்மாரிடம் கேட்கும் முறையை உருவாக்கினர். ஆகவே கேள்வி விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று வயதிற்கு உட்பட்ட பிள்ளையாயின் மாநிலத்தின் ஆரம்பத் தலையீட்டுச் சேவையைப் பெற்றோரே நேரடியாக நாடலாம். ரெக்சாசில் அது ஈ.சி.ஐ. எனவும் கலிபோர்னியாவில் ஏர்லி ஸ்ரார்ட் எனவும் வழங்குகின்றது. கலிபோர்னியாவில் றீஜனல் சென்ரர் என்ற நிலையங்கள் அதனை நடத்துகின்றன. நியூ ஜேர்சியிலும் அவ்வாறான சேவை உண்டு. மதிப்பீட்டிற்குக் கட்டணமில்லை. மூன்று வயது நிறைந்த பிள்ளைக்கு, அது பாடசாலையிற் சேராவிட்டாலும், பகுதிப் பாடசாலை நிர்வாகமே பொறுப்பு. மதிப்பீடு வேண்டுமென எழுத்திற் கேளுங்கள், பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலேயே மதிப்பீடு நடக்க வேண்டும் என்று சட்டம் கூறுகின்றது.

வதிவிடப் பத்திரம் இன்னும் கிடைக்கவில்லையே என்று அஞ்சுவோருக்கும் ஒரு செய்தி. ரெக்சாசின் ரைலர் நகரில் தொடங்கிய வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பத்திரமில்லாத பிள்ளைக்கும் பொதுப் பாடசாலையின் கதவை மூட முடியாது என்பதே அத்தீர்ப்பு.

இன்னுமொன்று. பிள்ளைக்கு ஓட்டிசம் என்றவுடன் வீட்டில் தமிழ் கதைப்பதை நிறுத்துவோர் உளர். இரண்டு மொழி கேட்பதால் ஓட்டிசமுள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாய்க்குச் சரளமான மொழியை நிறுத்தினால், பிள்ளைக்கு நெருக்கமான குரலே அடங்கிவிடும். தாலாட்டும் கொஞ்சலும் அம்மம்மாவின் தொலைபேசிக் கதையும் தமிழிலேயே இருக்கட்டும்.

பிள்ளையை மறைத்து வைப்பதும் வேண்டாம். யாரும் செய்த பாவத்தாலோ, யுத்தகாலத்தில் தாய் அழுததாலோ வந்த தண்டனை என்று அவளைக் குற்றம் சாட்டுவதும் வேண்டாம். கனடாவின் ஸ்காபரோ நகரில் 2008இல் கீதா மூர்த்தி முன்னின்று தொடங்கிய தெற்காசிய ஓட்டிச விழிப்புணர்வு நிலையம், எம்மவர் ஒன்றுகூடி இதனை வெளிப்படையாகப் பேசலாம் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

நியூவார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஹூஸ்ரனிலும் தொடங்கிய தேடல் வீணானதன்று. என்றோ ஒருநாள் ஓட்டிசத்தின் ஒரு வகையையேனும் சிறுநீரிற் கண்டு சிகிச்சையளிக்கும் வழி பிறக்கலாம். நம்பத்தகுந்த பல்கலைக்கழகம் அவ்வாய்விற்குப் பிள்ளையை அழைத்தால், பணம் கேட்காமலும் சம்மதப் பத்திரத்தைப் புரியும் மொழியில் விளக்கியும் அழைத்தால், பங்குபற்றுவதிற் தவறில்லை. ஆனால் அந்நாள் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. நோர்வேத் தாய் தன் கண்ணும் மூக்கும் சொன்னதை நம்பி, மருத்துவர்களின் கதவுகளை மீண்டும் மீண்டும் தட்டினார். எமது தாய்மாரின் மனமும் ஏதோ சரியில்லை என்று சொல்லுமாயின், குப்பியைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல், நாளையே மருத்துவரை அழைத்து நாள் குறித்துக்கொள்ளட்டும்.